“ரெண்டு அம்மா இருக்கலாமா?”: ஏழு வயதுக் கேள்விக்கு என்ன பதில்?

நீளமான கடிதம். யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எழுதியவர் 34 வயதுத் தாய். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு இரண்டு அம்மாக்கள். அந்தச் சிறுமி வந்த சில வாரங்களில், ஆசிரியை குடும்பங்களைப் பற்றி ஒரு படக்கதை வாசித்திருக்கிறார். அப்பா அம்மாவோடு வளரும் பிள்ளை, அம்மா மட்டும் உள்ள பிள்ளை, பாட்டி வளர்க்கும் பிள்ளை, இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை என்று நாலைந்து பக்கம். அன்றிரவு சாப்பிடும்போது மகள், “ரெண்டு அம்மா இருக்கலாமாம்மா? அப்போ நான் பெரியவளானா என் ஃப்ரெண்டையே கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறாள். தாய், “அதெல்லாம் பெரியவங்க விஷயம், பேசாம சாப்பிடு” என்று சொல்லிவிட்டார். தந்தை கொதித்துப்போய்விட்டார். “குழந்தைங்களுக்கு ஓரினச்சேர்க்கை பத்திப் பாடமா?” என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுத, அங்கே ஒரு மனு தயாராகிவிட்டது. கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், மனைவியையும் போடச் சொல்கிறார். பள்ளியையே மாற்றிவிடலாம் என்றும் பேச்சு. அடுத்த மாதம் அந்தச் சிறுமியின் பிறந்தநாள். அழைப்பு வந்திருக்கிறது, மகளை அனுப்பக்கூடாது என்கிறார்.

கடிதத்தின் கடைசியில் இரண்டே வரி: “என் தம்பிக்கு 29 வயது. தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று இரண்டு வருஷம் முன்பு என்னிடம் மட்டும் சொன்னான். என் கணவருக்குத் தெரியாது.”

அவர் கேட்பவை மூன்று. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் மகள் அப்படி ஆகிவிடுவாளா? இதையெல்லாம் பதினைந்து, பதினாறு வயதில் சொன்னால் போதாதா? வேண்டாம் என்று சொல்ல பெற்றோருக்கு உரிமை இல்லையா?

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தச் சாப்பாட்டு வேளையைப் பற்றிப் பேசிவிடலாம். மகளை வாயை மூடச் சொல்லிவிட்டேனே என்று நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள். எதிர்பாராத கேள்வி, எதிரே கோபத்தில் கணவர், மனதுக்குள் தம்பி. அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? விடுங்கள். ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தால், கேள்வியை மறக்காது, கேட்பதை மட்டும் நிறுத்திவிடும். அப்புறம் வேறு யாரிடமாவது கேட்கும். இருபது வருஷமாகக் குழந்தைகளோடும் பெற்றோர்களோடும் உட்கார்ந்து பேசுகிற வேலை என்னுடையது. வீட்டில் ஒருமுறை இப்படி வாயடைக்கப்பட்ட பிள்ளைகள், பிறகு உண்மையிலேயே ஆபத்தான ஒன்று நடக்கும்போதும் வீட்டில் சொல்லத் தயங்குவதை நிறையவே பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் பெரிய கவலை.

உங்கள் மகள் கேட்டது எதைப் பற்றி என்று யோசித்துப் பாருங்கள். அவள் உடலுறவைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வார்த்தையே அவளுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளையைக் கூட்டிப்போக ஒருநாள் ஒரு அம்மாவும் மறுநாள் இன்னொரு அம்மாவும் வருகிறார்கள், அது எப்படி என்றுதான் கேட்டாள். வீட்டைப் பற்றிய கேள்வி அது. கல்யாணம் பற்றிய இரண்டாவது கேள்வியும் அப்படித்தான். இந்த வயதுப் பிள்ளைகள் அம்மாவையே கல்யாணம் பண்ணிக்கொள்வேன் என்பார்கள், அண்ணனை என்பார்கள், வீட்டுப் பூனையைக்கூட என்பார்கள். கல்யாணம் என்றால் அவர்களுக்கு “ரொம்பப் பிடிச்சவங்களோட சேர்ந்தே இருக்கிறது” என்று மட்டும்தான் அர்த்தம்.

அந்த வார்த்தையைப் பற்றி

கடிதம் முழுக்க நீங்களும் உங்கள் கணவரும் “ஓரினச்சேர்க்கை” என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த சொல்லே அதுதான். ஆனால் அதன் இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். சேர்க்கை. சொல்லும்போதே படுக்கையறை வந்துவிடுகிறது. “குழந்தைகளுக்கு ஓரினச்சேர்க்கையைப் பாடமாக வைக்கிறார்கள்” என்று யாராவது சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும், ஏனென்றால் காதில் விழுவது ஒரு செயல். ஆண் பெண் திருமணத்தை நாம் யாரும் “இருபால் சேர்க்கை” என்று சொல்வதில்லையே. அதனால்தான் இப்போது பலரும் தன்பாலீர்ப்பு என்கிறார்கள். ஒருவருக்கு யார் மீது மனம் செல்கிறது என்பதைச் சொல்லும் சொல் அது. உங்கள் தம்பி அன்று உங்களிடம் சொன்னதும் அதைத்தானே? தான் யாரோடு என்ன செய்கிறேன் என்றா சொன்னார்? யாரைப் பிடிக்கும் என்று சொன்னார். கணவரோடு பேச்சைத் தொடங்கும்போது இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கிப் பாருங்கள். வகுப்பில் வாசிக்கப்பட்ட கதையில் “சேர்க்கை” எதுவும் இல்லை. ஒரு சமையலறை இருந்தது, ஒரு பிள்ளை இருந்தது, இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்தால் அப்படி ஆகிவிடுவாளா?

மாட்டாள். இதை மழுப்பாமல் சொல்ல முடியும். ஒருவருடைய ஈர்ப்பு எப்படி உருவாகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 2019இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தகவலை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஒரு தனி மரபணு அதைத் தீர்மானிப்பதில்லை, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன, மரபணு அல்லாத காரணங்களும் இருக்கின்றன என்றுதான் தெரிந்தது. கருவிலிருக்கும் காலத்துக் காரணங்களைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பாடம் கேட்டோ கதை வாசித்தோ ஒருவரின் ஈர்ப்பு மாறியதாகக் காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. தினமும் இரண்டு அம்மாக்களையோ இரண்டு அப்பாக்களையோ பார்த்தே வளரும் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்பாலினரையே விரும்புபவர்களாக வளர்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் நலன் பெற்றோரின் பாலீர்ப்பைப் பொறுத்து மாறுவதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013இல் வெளிப்படையாகவே சொன்னது. ஒரே வீட்டில் இருபது வருஷம் வளர்ந்தே மாறாத ஒன்று, ஒரு பீரியடில் வாசித்த படக்கதையால் மாறிவிடுமா? திருப்பியும் யோசியுங்கள். உங்கள் தம்பி சிறுவயதில் கேட்ட கதைகள், பார்த்த படங்கள், பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும்தானே ஜோடியாக இருந்தார்கள்?

இது ஒரு நோய் என்ற எண்ணமும் கடிதத்தில் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. ஒட்டிக்கொள்ள இது தொற்றும் அல்ல, குணப்படுத்த நோயும் அல்ல.

சரி, பதினாறு வரை காத்திருக்கலாமா?

இதற்கு “எதை?” என்று நான் திருப்பிக் கேட்கவேண்டும். உடலுறவு, பாதுகாப்பு, நோய்த்தொற்று போன்றவற்றை ஏழு வயதில் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. இதில் உங்கள் கணவர் பக்கம்தான் நான். பருவமடைவதைப் பற்றி அது வருவதற்குக் கொஞ்சம் முன்பே சொல்லவேண்டும், அதாவது எட்டு, ஒன்பது வயதில். மற்றவை அதற்கும் பின்னால். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியும் இப்படி வயது வாரியாகத்தான் பிரிக்கிறது. ஐந்திலிருந்து எட்டு வயதுக்கான பகுதியில் இருப்பவை, குடும்பங்கள் பலவிதம், யாரையும் கேலி செய்யக்கூடாது, உன் உடல் உன்னுடையது, தப்பான தொடுதல் நடந்தால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல் என்கிற மாதிரியான விஷயங்கள்.

ஆனால் “சில பிள்ளைகளுக்கு ரெண்டு அம்மா” என்பதைப் பதினாறு வரை தள்ளிவைக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளை இப்போதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியை ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராவது ஒரு பிள்ளை அவளைக் கேட்டிருக்கும், இன்னொன்று சிரித்திருக்கும், மூன்றாவது “எங்கப்பா அது அசிங்கம்னு சொன்னார்” என்றிருக்கும். வகுப்பறைகளில் இந்த விஷயத்தைப் பற்றிய வசைச்சொற்கள் மட்டும் எந்தப் பாடமும் இல்லாமலே ஆறு, ஏழு வயதில் புழங்க ஆரம்பித்துவிடுகின்றன. அர்த்தம் தெரியாமலேதான் சொல்கிறார்கள், ஆனால் வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு வலி உறைக்கிறது. பள்ளி சொல்லாவிட்டாலும் குழந்தை கற்றுக்கொள்கிறது. அதை யாரிடமிருந்து, எந்தக் குரலில் கற்றுக்கொள்கிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிற்காலத்தில் தன்பாலீர்ப்புள்ளவர்களாக வளரப்போகிற சில பிள்ளைகளும் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். முதல் ஈர்ப்பு பலருக்குப் பத்து வயதையொட்டித் தோன்றியதாக நினைவுகூர்கிறார்கள். பதினாறில் பாடம் வைத்தால் அந்தப் பிள்ளை ஆறு வருஷம் தனியாக, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தபடி கழித்திருக்கும். தம்பியிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், எந்த வயதில் தெரிந்தது, அதுவரை யாரிடம் சொன்னாய் என்று.

பெற்றோருக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. ஆனால் அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறுகிறது, நீங்கள் இருக்கும் இடத்தின் விதிகளைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து ஆரம்பப் பள்ளிகளில் உறவுகள், குடும்பங்கள் பற்றிய கல்வி கட்டாயம், அதிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள முடியாது. பாலியல் கல்விப் பகுதியிலிருந்து விலக்கக் கேட்கலாம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலப் பெற்றோர் சிலர் இதேபோன்ற கதைப் புத்தகங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், வழக்கு நடக்கும்வரை மத நம்பிக்கையின் பேரில் பிள்ளைகளை அந்த வாசிப்பிலிருந்து விலக்கிக்கொள்ள வழி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. அதற்கு நேர்மாறாக, லிதுவேனியாவில் இரு ஆண்களின் காதலும் இரு பெண்களின் காதலும் வரும் ஒரு சிறுவர் கதைத் தொகுப்புக்கு “14 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கெடுதல்” என்று முத்திரை குத்தியது கருத்துச் சுதந்திர மீறல் என 2023 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரஷ்யாவும் ஹங்கேரியும் சிறார்களிடம் இதைப் பேசுவதையே சட்டத்தால் தடுத்திருக்கின்றன. ஆக, “உலகமே இப்படித்தான்” என்று உங்கள் கணவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் ஒரு நீண்ட அனுபவம் நம்மிடம் இருக்கிறது. பிரிட்டனில் 1988இல் பிரிவு 28 என்றொரு சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை “ஊக்குவிக்கக்கூடாது”, பள்ளிகளில் அதைக் குடும்ப உறவாக ஏற்கும்படி கற்பிக்கக்கூடாது என்றது. இரண்டு ஆண்களோடு வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய படப்புத்தகமும் அந்தக் கூச்சலுக்கு ஒரு காரணம், பாருங்கள், அப்போதும் ஒரு படப்புத்தகம்தான். அந்தச் சட்டத்தின்கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் ஆசிரியர்கள் பயந்தார்கள். ஒரு பையனை மற்றவர்கள் கேலி செய்து அழவைத்தாலும் வாயைத் திறந்தால் வேலைக்கு ஆபத்தோ என்று பார்த்துக்கொண்டே போனவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அதை நீக்கினார்கள். எந்தக் கட்சி கொண்டுவந்ததோ அதே கட்சியின் தலைவர் 2009இல் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்டார்கள்.

எனவே மனுவைக் கையெழுத்துப் போடுமுன் வரிவரியாக வாசியுங்கள். பாடங்களை முன்கூட்டியே காட்டுங்கள், வயதுக்கு ஏற்றதா என்று எங்களோடு கலந்து பேசுங்கள் என்று கேட்டால் நானே போடுவேன். அது பெற்றோரின் நியாயமான கோரிக்கை. “இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி வகுப்பில் பேச்சே கூடாது” என்று இருந்தால் போடாதீர்கள். “என் குடும்பத்தை வரை” என்று ஆசிரியை சொல்லும் நாளில் அந்த ஏழு வயதுப் பிள்ளை யாரை அழித்துவிட்டு வரையவேண்டும் என்று அந்த மனு கேட்கிறது.

கணவரிடம் எப்படிப் பேசுவது

அவரை நான் கெட்டவராகப் பார்க்கவில்லை. அவர் பயந்திருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதியதாக நீங்கள் குறிப்பிட்ட வரியில், “நாளைக்கு யாராவது என் பொண்ணைத் தப்பாத் தொட்டா யார் பொறுப்பு” என்று இருக்கிறது. இரண்டு வேறு விஷயங்கள் அங்கே ஒன்றாகிவிட்டன. குழந்தையைச் சீண்டுவது குற்றம், செய்பவர் ஆணோ பெண்ணோ, யாரை விரும்புபவரோ. தன்பாலீர்ப்பு என்பது வளர்ந்த இருவருக்கு இடையே உள்ளது. ஒன்றைத் தடுத்தால் மற்றது நின்றுவிடாது. குழந்தைகளைச் சீண்டுகிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், அவர்களின் முதல் ஆயுதமே “இதை வீட்டுல சொல்லாதே” என்பதுதான். எதைக் கேட்டாலும் வீட்டில் பதில் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளையிடம் அது எளிதில் பலிக்காது. உங்கள் கணவர் விரும்பும் அதே பாதுகாப்புக்காகத்தான் நானும் பேசச் சொல்கிறேன். அவரிடம் தர்க்கம் செய்வதைவிட, இருவருமாகப் போய் அந்தக் கதைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் கேள்விப்பட்டதை வைத்துப் பயந்த பெற்றோர், அந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கத்தைக் கையில் புரட்டியபின் கொஞ்சம் தளர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மாறிவிடுவதில்லை. ஆனால் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது.

மகளிடம் சொல்ல

பெரிய உபதேசம் வேண்டாம். தலை பின்னிக்கொண்டே சொல்லலாம்: “அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, நான் சரியாப் பதில் சொல்லல. ஆமா, சில பிள்ளைங்களுக்கு ரெண்டு அம்மா இருப்பாங்க. சிலருக்கு ரெண்டு அப்பா. நிறையப் பேருக்கு ஒரு அம்மா ஒரு அப்பா. வளந்தப்புறம் சில பொண்ணுங்களுக்குப் பொண்ணைப் பிடிக்கும், நிறையப் பொண்ணுங்களுக்குப் பையனைப் பிடிக்கும். உனக்கு யாரைப் பிடிக்கும்னு பெரியவளானதும் தெரியும், இப்போ அவசரமே இல்ல.” பாப்பா எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரலாம். “பாப்பா உண்டாக ஒரு ஆம்பளையோட விதையும் ஒரு பொம்பளையோட முட்டையும் வேணும். சிலருக்கு டாக்டர் உதவி பண்ணுவாங்க, சிலர் தத்தெடுத்துப்பாங்க. உன் ஃப்ரெண்டு எப்படி வந்தான்னு அவளைக் கேக்காதே, அது அவங்க வீட்டு விஷயம்.” இது போதும். பெரும்பாலும் அவள் “சரி” என்று விளையாடப் போய்விடுவாள். வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்து, அது இதை ஏற்பதில்லை என்றால் அதையும் மறைக்கவேண்டியதில்லை. நாம் இப்படி நம்புகிறோம், சிலர் வேறுமாதிரி வாழ்கிறார்கள், யாரையும் புண்படுத்தக்கூடாது என்று சொல்ல முடியும்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

மூன்று கேள்விகளை எண்ணிட்டு எழுதிய நீங்கள், தம்பியைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுத அவர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணவரோடு வாதம் முற்றும்போது “என் தம்பியே அப்படித்தான்” என்று வாய்வரை வரும். சொல்லிவிடாதீர்கள். அது அவர் உங்களிடம் நம்பி வைத்திருப்பது. உங்கள் வாதத்தை வெல்வதற்காக அதை எடுத்துச் செலவழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. முதலில் அவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்குத் தெரியலாமா, தெரிவதானால் யார் சொல்வது, எப்போது என்று அவரே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குடும்பத்தில் யாராவது “டாக்டரிடம் காட்டி மாற்றலாம்” என்று கிளம்பினால் குறுக்கே நில்லுங்கள். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குப் பலன் கிடையாது, கெடுதல் உண்டு. உலக மனநல மருத்துவர் சங்கமும் 2016இல் அவற்றை வேண்டாம் என்றே சொன்னது.

குடும்பம் எப்படி நடத்துகிறது என்பது இவர்களின் உயிரையே தொடும் விஷயம். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வளரும் பருவத்தில் குடும்பத்தாரின் கடுமையான புறக்கணிப்புக்கு ஆளான தன்பாலீர்ப்பு இளைஞர்கள், அது இல்லாமலோ குறைவாகவோ வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தது தெரிந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் தம்பி வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நம்பினார், அவர் நீங்கள். அதன் எடை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து மருமகளோடு விளையாடும்போது, சாப்பாட்டு மேசையில் இந்த மாதிரிக் குடும்பங்களைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறந்தநாளுக்கு மகளை அனுப்புங்கள். கணவர் தயங்கினால் நீங்களும் கூடவே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். மனுவில் பெயர்கூட இல்லாமல் “இப்படிப்பட்டவர்கள்” என்று எழுதப்பட்ட அந்த இரண்டு பெண்களும் அன்று வாசலில் நின்று, எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.